மணற்கரையில் சாய்ந்து நிற்கும் ஏரி

ஓய்வு பெற்றவனிடம் யாரும் கருத்துக் கேட்காமல் இருப்பதே அவனுக்குச் செய்யும் மரியாதை என்று நினைப்பவன் நான். கேட்டால் பதில் சொல்லவேண்டும். சொன்ன பிறகு, சொன்னது சரிதானா என்று ஒரு வாரம் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். ஆகவே ஷர்மிளா ஆக்லாந்தில் எங்கள் லின்ஃபீல்ட் வீட்டு வாசலில் மடிக்கணினியோடு வந்து நின்றபோது, சும்மா பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்று நம்ப முயன்றேன். சும்மா பார்க்க வருபவர்கள் மடிக்கணினி கொண்டுவருவதில்லை.

நான் கடைசியாக வேலை பார்த்த ஆலோசனை நிறுவனத்தில் அவள் இப்போது மூத்த பொறியாளர். பெற்றோர் மன்னார்க்காரர்கள். பத்து வயதில் ஆக்லாந்து வந்தவள். என்னிடம் தமிழில் பேசுவதை ஒரு விரதம்போல விடாமல் வைத்திருக்கிறாள்.

"அங்கிள், நீங்கள் முந்தி வேலை செய்த பாலைவன ஏரி இருக்கெல்லோ, அது இப்ப எங்கட மேசைக்கு வந்திருக்கு," என்றாள்.

"அது இன்னும் இருக்கா?" என்றேன். எனக்குத் தெரியும். வாரத்துக்கு ஒருமுறையாவது செயற்கைக்கோள் படத்தில் பார்க்கிறேன்.

"இவரு அந்த ஏரிய விட்டு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சும்மா. ஏரிதான் இவர விடல," என்று என் மனைவி கல்யாணி சமையலறையிலிருந்து சொன்னாள்.

விஷயம் இதுதான். அந்த வளைகுடா நகரத்தின் நிர்வாகம், ஏரியை என்ன செய்வது என்று வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் கருத்துக் கேட்டிருக்கிறது. இருப்பதை இருக்கிறபடியே காப்பகமாக வைத்துக்கொள்வதா, தண்ணீரை நிறுத்தி வற்றவிடுவதா? பதிலில் கையெழுத்துப் போடவேண்டியவள் ஷர்மிளா.

"அவையள் ஒரு வசனத்திலதான் பதில் கேக்கினம். வச்சிருக்கிறதோ, விடுறதோ. எனக்கு வச்சிருக்கத்தான் விருப்பம். எவ்வளவு வடிவா இருக்கு பாருங்கோ!"

படங்களைக் காட்டினாள். பூநாரைகள், நாணல், செம்மணல் மேட்டின் நிழல் தண்ணீரில். வழக்கம்போல எண்ணினேன். ஒரே படத்தில் எண்பத்தாறு பூநாரைகள். அடுத்த படத்தில் பறவைகள் இல்லை. ஏரிக்கரைக்குக் கீழே ஒரு காப்பிக் கடை, சறுக்குமரம், ஊஞ்சல்கள், பதினாலு குழந்தைகள்.

"இது எந்தப் பக்கம்மா? கிழக்குக் கரையா?"

"ஓம், கிழக்குதான். ஏன் அங்கிள்?"

பதில் சொல்ல எனக்கு அன்று மாலை வரை ஆனது. அவளிடம் வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன். இந்தத் தொழிலில் புதிதாக நுழைந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு உபயோகப்படும் என்று அவள்தான் எழுதச் சொன்னாள்.

என் படிப்பையும் முதல் வேலையையும் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஊர் கரூர் பக்கம், திருச்சியில் சிவில் படிப்பு. பிறகு அரசு வேலையில் ஏரிக்கரைகளை அளந்துகொண்டு ஆறு வருடம். நம் ஊர் ஏரி என்றால் கரை இருக்கும், மதகு இருக்கும், மிஞ்சிய தண்ணீர் வழிந்துபோகக் கலிங்கு இருக்கும். இவை மூன்றும் இல்லாத நீர்நிலையை எங்கள் மேலதிகாரி குட்டை என்றுதான் எழுதவிடுவார். அந்த ஞானத்தோடு வளைகுடாவுக்குப் போனேன்.

அங்கே எனக்குக் கிடைத்த ஏரியை யாரும் வெட்டவில்லை. நகரத்தின் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் பாலைவன ஓரத்தில் இருந்தது. சுத்திகரித்த நீர் பூங்காக்களுக்குப் போகவேண்டும். நகரம் குழாய்களைவிட வேகமாக வளர்ந்துவிட்டதால், பூங்காக்கள் குடித்தது போக மிஞ்சியதை மணல்மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் விட்டார்கள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னார்கள். பள்ளம் நிறைந்து கிழக்கே பாதையை நனைக்க ஆரம்பித்ததும், யாரோ ஒரு மண்தள்ளும் இயந்திரத்தை அனுப்பி மணலைக் குவித்து ஒரு கரை போட்டார்கள். தண்ணீர் ஏற ஏறக் கரையும் ஏறியது. இறுக்கவில்லை, நடுவில் களிமண் இல்லை. மதகு இல்லை, கலிங்கு இல்லை. நான் போனபோது அந்த மணற்குவியலில் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் தண்ணீர் சாய்ந்து நின்றது. நடுவில் ஒரு மணல்மேடு மூழ்காமல் தீவாக நின்றது. அதில் நெடுங்கால் உள்ளான் பறவைகள் கூடு கட்டியிருந்தன.

கரைக்குக் கீழே, கிழக்கே, ஒரு கட்டுமான நிறுவனத்தின் தொழிலாளர் முகாம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். பாதிக்கு மேல் நம் ஆட்கள்.

என் மேலதிகாரி கிரஹாம். இந்த ஆக்லாந்துக்காரர்தான், ஹென்டர்சனில் வளர்ந்தவர். வெயில் எப்படி அடித்தாலும் அரைக்கால் சட்டை, கையில் தேநீர்ப் பிளாஸ்க். அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. எதைச் சொல்ல வந்தாலும் முதலில் கண்ணால் பார்த்ததைச் சொல்லவேண்டும், பிறகு அளந்ததை, கடைசியில் பயப்படுவதை. வரிசை மாறினால் பாதியில் நிறுத்தி, "முதலிலிருந்து" என்பார். எனக்குப் பயம்தான் எப்போதும் முந்திக்கொண்டு வரும். ஒரே செய்தியை மூன்று தடவை சொன்ன காலைகள் உண்டு. ஆனால் மூன்றாவதாக வரும் பயத்தை அவர் ஒருநாளும் சிரித்துத் தள்ளியதில்லை. பிளாஸ்க்கை மூடி வைத்துவிட்டுக் கேட்பார்.

கரையைச் சோதிக்க அவர் சொல்லித்தந்த முறையை ஆக்லாந்தின் வெள்ளநீர்க் குளங்களிலும் கடைசிவரை மாற்றவில்லை. கரையின் மேல் நடக்காதே; அங்கே காற்றும் காட்சியும்தான் கிடைக்கும். கீழே, வெளிப்பக்க அடிவாரத்தில் நட. மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்புப் போடு, ஈரத்தைக் கண்ணுக்கு முன்னால் பாதம் கண்டுபிடிக்கும். பாலைவனத்தில் எங்கே பச்சை தெரிகிறதோ அங்கே நில். கசிவைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வானத்துக்கு எதிரே தூக்கிப் பார். தெளிவாக இருந்தால் தண்ணீர் மட்டும் வருகிறது. கலங்கலாக இருந்தால் அது கரையையும் தூக்கிக்கொண்டு வருகிறது. சந்தேகமாக இருந்தால் குப்பியைக் கீழே வைத்து ஒரு தேநீர் குடி, பிறகு அடியில் எவ்வளவு மணல் படிந்தது என்று பார்.

அப்படி நடந்து பதினொரு கசிவிடங்களைக் கண்டுபிடித்து எண் போட்டிருந்தேன். பதினொன்றும் தெளிவு. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் பன்னிரண்டாவது இருக்குமோ என்றே நடப்பேன்.

இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, முகாமுக்கு விடுமுறை நாள். கரையடியில் பத்துப் பேர் சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நாலு பாத்தி. வெண்டை, கத்தரி, அரைக்கீரை. நடுவில், தார் டிரம்மை வெட்டி எடுத்த வளையம் ஒன்று மணலில் இறக்கப்பட்டிருந்தது. அதற்குள் பளிங்குபோலத் தண்ணீர்.

ஊற்று! வைகையிலும் காவிரியிலும் அமராவதியிலும் கோடையில் நம் ஆட்கள் ஆற்றுமணலில் தோண்டுவார்களே, அதேதான். மணலில் ஈரம் கண்டால் நமக்குக் கை சும்மா இருக்காது. வேறு எந்த நாட்டுக்காரன் அந்தக் கரையடியில் தங்கியிருந்தாலும் ஈரத்தைத் தாண்டிப் போயிருப்பான்.

"வாங்க சார், குளிக்கிறீங்களா? குத்தால அருவி கெணக்கா இருக்கு," என்றார் ஒருவர். மாரிமுத்து, பரமக்குடிக்காரர், கம்பி கட்டும் வேலை. ஊற்றுத் தோண்டியது அவர்தான் என்று மற்றவர்கள் பெருமையாகக் கை காட்டினார்கள்.

"எவ்வளவு ஆழம் தோண்டினீங்க?"

"நெஞ்சளவு. இன்னும் தோண்டலாம்னு இருக்கோம். தண்ணி பத்தல."

மணற்கரையைக் காப்பது அதன் உயரமல்ல. உள்ளே நுழைந்த தண்ணீர் வெளியே வர எவ்வளவு தூரம் மணலுக்குள் ஊர்ந்து வரவேண்டும் என்பதே அதைக் காக்கிறது. அடிவாரத்தில் குழி தோண்டினால் அந்தத் தூரம் குறையும். குறைந்தால் தண்ணீர் வேகம் பிடிக்கும். வேகம் பிடித்தால் மணலைத் தூக்கும். தூக்கிய இடத்தில் ஒரு எலிவளை உண்டாகி, அது ஏரியை நோக்கித் தோண்டிக்கொண்டே போகும். வளை ஏரியைத் தொட்டதும் கரை இருக்காது.

குப்பியில் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். தெளிவுதான். ஆனால் டிரம்மின் அடியில் ஓரிடத்தில் மணல் கஞ்சி கொதிப்பதுபோல மெல்லக் குமிழ்ந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஒன்று மூன்றானது. தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆனது.

"அட, கலங்குது பாருடா! அடச்சிடலாம் சார்," என்று மாரிமுத்து ஒரு சிமெண்டுச் சாக்கோடு குதிக்கப் போனார்.

"அடைக்காதீங்க!" என்று கத்தினேன். "அடைச்சா வேற எடத்துல பிச்சுக்கும். தண்ணி வரட்டும், மணல் மட்டும் வரக்கூடாது."

"ரெண்டும் சேந்துதான சார் வருது. பிரிச்சு அனுப்பச் சொல்லி தந்தியா அடிக்கிறது?" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

கிரஹாமுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அன்று வரிசை பிசகவில்லை: பார்த்தது, அளந்தது, பயந்தது. "வருகிறேன். மூட்டை வளையம் கட்டு," என்று வைத்துவிட்டார்.

மூட்டை வளையம் என்பது இதுதான். ஊற்றை மூடாமல், சுற்றிலும் மணல் மூட்டைகளைக் கிணற்றுச் சுவர்போல அடுக்கவேண்டும். உள்ளே தண்ணீர் ஏறும். ஏறிய தண்ணீரின் எடையே கீழிருந்து வருவதை அமுக்கி வேகத்தைக் குறைக்கும். பிறகு உள்ளே அடுக்கடுக்காகப் பரப்பவேண்டும். முதலில் பருமணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி. வரிசை மாறினால் பயனில்லை. குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஈரத் துண்டோடேயே இறங்கினார்கள். முகாமில் இருந்த மற்றவர்களும் ஓடிவந்தார்கள். கான்கிரீட்டுக்கு வைத்திருந்த ஜல்லியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். முப்பத்தேழு வண்டிவரை எண்ணினேன். அதற்குமேல் கணக்கு விட்டுப்போனது. என் வாழ்க்கையில் அப்படி விட்டுப்போனது குறைவு.

கிரஹாம் வந்து வளையத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு முகாம் மேலாளரிடம் போனார். எல்லாரையும் உடனே வேறிடம் அனுப்பவேண்டும் என்றார். மேலாளர் மும்பைக்காரர். நாளைக் காலை வேலைக்கு ஆள் போகாவிட்டால் அவர் கழுத்துக்குக் கத்தி.

"மழையே பெய்யாத ஊரில் வெள்ளமா?" என்று சிரித்தார் அவர்.

கிரஹாம் வாதாடவில்லை. "நல்லது. உங்கள் மேசையையும் நாற்காலியையும் இங்கே, இந்த வளையத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போடச் சொல்லுங்கள். மிச்ச வேலையை இங்கே உட்கார்ந்து பாருங்கள். நானும் கூட இருக்கிறேன்," என்று தானே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தார்.

மேலாளர் குமிழ்ந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார். கரையை அண்ணாந்து பார்த்தார். மாலைக்குள் பேருந்துகள் வந்துவிட்டன.

வளையத்துத் தண்ணீர் தெளிந்தது. ஆனால் வளையம் முதலுதவிதான், சிகிச்சை அல்ல. கரைமேல் சாயும் தண்ணீரைக் குறைத்தே ஆகவேண்டும். நிலையத்திலிருந்து வரும் நீரை அடுத்த பள்ளத்துக்குத் திருப்பினோம். இருந்த பம்புகளையெல்லாம் ஏரியில் இறக்கினோம். இதற்குக் கிரஹாம் உத்தரவு போடும் முன் தீவைக் காட்டி, "கூடுகள் எத்தனை?" என்று கேட்டார்.

"நாற்பத்தொன்று."

"தண்ணீர் எவ்வளவு இறங்கினால் தீவு தரையோடு ஒட்டும்?"

"ஒன்றரை மீட்டர்."

"நமக்கு எவ்வளவு இறங்கவேண்டும்?"

"மூன்று."

அவர் பம்புகளைப் போடச் சொல்லிக் கையை அசைத்தார்.

தீவு ஒட்டிய மறுநாளே தெருநாய்கள் சேற்றைத் தாண்டிப் போய்விட்டன. வேலி போட ஆள் கேட்டோம், வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. குஞ்சுகளோடு மிஞ்சியவை ஆறு கூடுகள். மாரிமுத்து முகாமுக்குத் திரும்பி வந்ததும் என்னோடு கரைமேல் நின்று அந்தச் சேற்றைப் பார்த்தார்.

"எங்களுக்காகவா சார் அதுங்க போச்சு?"

"அப்படி இல்லைங்க."

"பின்ன எப்படி?"

ஊற்றுத் தோண்டியவரைக் குறை சொல்ல முடியாது. கரையடியில் முகாம் போட்டவர்களும், கரை என்று மணலைக் குவித்தவர்களும் அவருக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள்.

ஏரி இறங்கிய மட்டத்திலேயே இருக்கட்டும் என்று கிரஹாம் எழுதிக் கொடுத்தார். அந்த மட்டத்தில் தண்ணீர் கரையைத் தொடாது, பள்ளம் தானே தாங்கிக்கொள்ளும். அதற்குள் ஊர்க்காரர்கள் வார இறுதியில் ஏரிக்கரைக்குக் குடும்பத்தோடு வந்து பழகிவிட்டார்கள். சேறு அசிங்கமாக இருக்கிறது என்றார்கள். நிர்வாகத்தார் கரையை இன்னும் கொஞ்சம் தடிமனாக்கி, ஒரு பருவத்துக்கு மட்டும் என்று சொல்லித் திரும்ப நிரப்பினார்கள். தடிமனாக்கியதும் மணலால்தான். கிரஹாமின் ஒப்பந்தம் முடிந்தது. "எங்கள் ஊரில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, பயப்படுபவனுக்கு வேலை உண்டு," என்று சொல்லி, ஆக்லாந்துக்கு வர எனக்கு வழி செய்தார். அவர் இறந்து நாலு வருடம் ஆகிறது. அந்த ஒரு பருவம் இன்னும் முடியவில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது ஷர்மிளாவின் தேநீர் ஆறி ஆடை படிந்திருந்தது.

"அப்ப அந்த முகாம் இருந்த இடம்தான்..."

"இப்ப சறுக்குமரம் இருக்கிற இடம்."

"கடவுளே. அப்ப வத்த விடச் சொல்லி எழுதவோ?"

அதற்கும் என்னால் ஆமாம் சொல்ல முடியவில்லை. சாக்கடையிலிருந்து வந்த நீர் என்னதான் சுத்தமானாலும், இத்தனை வருடம் ஆவியாகிக்கொண்டே இருந்ததில் உப்பும் உலோகமும் அடிச்சேற்றில் படிந்திருக்கும். முற்றிலும் வற்றினால் அது தூளாகும். அந்த ஊரில் மேற்குக் காற்று அடிக்கும். தூள் கிழக்கே நகரத்துக்குள் போகும். வைத்தாலும் பயம், விட்டாலும் பயம். கல்யாணி எட்டிப் பார்த்து, "இவர்கிட்ட ரெண்டுல ஒண்ணு கேட்டா மூணாவதா ஒண்ணுக்குப் பயப்படுவாரு," என்றாள்.

ஆனால் மூன்றாவது ஒன்று இருந்தது. "ஏரியை வைக்கட்டும்மா. கரையை வைக்க வேண்டாம்," என்றேன்.

"விளங்கேல்ல அங்கிள்."

"தண்ணியை மூணு மீட்டர் இறக்கட்டும். அதோட நிறுத்தட்டும். அடிச்சேறு நனைஞ்சே இருக்கும், தூசி வராது. ஓரத்துல வெளிய தெரியிற பட்டையில நாணல் வைக்கட்டும். கரையில தண்ணி சாயாது. சாயலன்னா அது உடையவும் உடையாது."

அவள் திரையில் அளந்து பார்த்தாள். "ஏரி பாதிக்குக் கீழ போயிடும். தீவும் தரையோட ஒட்டும். அந்தப் பறவையள்?"

"தெரியும்."

"நாப்பத்தொரு கூடு எண்டு இப்பத்தானே சொன்னீங்கள்."

"இப்ப இருநூறுக்கு மேல இருக்கும். தீவைச் சுத்தி ஏரியடியில அகழி வெட்டணும். தண்ணிய இறக்கறதுக்கு முன்னாடியே வெட்டணும். ஏரி இறங்கினாலும் அகழி வத்தாதுன்னு அளந்து பாத்த பிறகுதான் பம்பைப் போடணும். குஞ்சு பொரிக்கிற பருவத்துல தொடவே கூடாது. இது எல்லாத்தையும் சேர்த்து எழுது. ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை எழுதினா கையெழுத்துப் போடாத."

"என்ர மேனேஜர் ஒரு வசனம் கேட்டவர்," என்று அவள் சிரிக்க முயன்றாள். "அவைக்கு வடிவான ஏரிதான் வேணும். இப்படி எழுதினா அடுத்த வேலை எங்களுக்குத் தரமாட்டினம்."

"அதுக்கும் நான் பயப்படறேன்," என்றேன். உண்மைதான். அவளுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள்.

ஷர்மிளா அந்தச் சறுக்குமரப் படத்தைத் மறுபடி திறந்து பார்த்தாள். பிறகு மடிக்கணினியை மூடிக்கொண்டு எழுந்தாள். "நான் எழுதுறன் அங்கிள். நீங்கள் எனக்காகப் பயந்தது போதும்."

அதன்பிறகு ஆறு வாரம். நான் யாரையும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யவில்லை. தினமும் படத்தில் கிழக்குக் கரையை மட்டும் பார்த்தேன். போன செவ்வாய்க்கிழமை அவளே அழைத்தாள்.

"அங்கிள், நேற்று அவையளோட கூட்டம். சொன்னன். முழுசாச் சொன்னன்."

"அப்புறம்?"

"பிறகு ஒரு ஆள் கேட்டார், ஏரி சின்னனாப் போனா காப்பிக் கடையில இருந்து தண்ணி தெரியுமோ எண்டு. தெரியாது எண்டன். அப்ப கடையை எவ்வளவு தூரம் தள்ளி வைக்கவேணும் எண்டு கேட்டார்."

"தள்ளி வைக்கிறதுன்னா, கரையடியிலேருந்து எடுத்துடறாங்களா?"

"எடுக்கினம். சறுக்குமரமும் ஊஞ்சலும் அடுத்த மாதமே. கடையும் தண்ணி இறக்கிறதும் அடுத்த குளிருக்கு, பறவையள் கூடு கட்டுறதுக்கு முதல்."

"அகழி?"

"அதுதான் முதல் வேலை எண்டு வரைபடத்தில போட்டிருக்கினம்."

வரைபடத்தில் அகழிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். கல்யாணி பக்கத்தில் நின்று, "ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்களேன் அந்தப் பொண்ணுக்கு," என்று பல்லைக் கடித்தாள்.

"நல்லா செஞ்சிருக்கம்மா," என்றேன் ஷர்மிளாவிடம். "அகழியில தண்ணி நிக்கிற படம் வந்ததும் எனக்கு அனுப்பு. நாலு பக்கமும் தெரியிற மாதிரி."